கியாசோவுக்கு முந்திய நிலையம்

என் மகள் தொழிற்பயிற்சிப் பரீட்சையில் சித்தியடைந்த கோடையில், பரிசாக என்ன வேண்டும் என்று கேட்டேன். கைப்பை, கைக்கடிகாரம் என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்திருந்தேன். அவள் இத்தாலியைச் சொன்னாள். மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிற ஓர் இடத்தில் ஐந்து சின்ன ஊர்கள். ஊருக்கு ஊர் ரயிலும் ஓடுகிறது. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஆட்கள் நடந்துபோகிற பழைய பாதையும் இருக்கிறது. ஒரு நாள் முழுக்க அந்தப் பாதையில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து நடக்க வேண்டும் என்றாள்.

"எல்லாரும் எண்டால் மாமாவும்தான்."

மாமா என்பது என் தம்பி. அன்று ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சுவிஸில், நாங்கள் இருக்கிற ஓல்டனிலேயே ஒரு ரெஸ்ரோரண்ட் குசினியில் அவனுக்கு வேலை. பக்கத்து ஊரான திரிம்பாக்கில் ஒற்றை அறையில் இருந்தான். மகளுக்குச் சைக்கிள் பழக்கியது, அவள் பல்வைத்தியரிடம் வேலை பழகப்போன முதல்நாள் வாசல்வரை கூடப்போனது எல்லாம் அவன்தான். அவள் தொலைபேசியை அவன் பக்கம் திருப்பி, பச்சையும் மஞ்சளுமாக அடுக்கியிருந்த வீடுகளைக் காட்டினாள்.

"செருப்போட நடக்க விடமாட்டினமாம் மாமா. நல்ல சப்பாத்து வேணும்."

"என்னட்டை இருக்கு," என்றான் தம்பி. "எந்த நாள் எண்டு சொல்லு. லீவு கேக்கிறன்."

என் கணவர் தேத்தண்ணீர்க் கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தார். அவர் அப்படி வைத்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

தம்பிக்கு எஃப் விசா. இந்த நாட்டில் இருக்கலாம், வேலை செய்யலாம், வரி கட்டலாம். எல்லையைத் தாண்ட மட்டும் முடியாது. தாண்டுவதென்றால் முதலே அனுமதி எடுக்க வேண்டும். எனக்கும் கணவருக்கும் நிரந்தரமாக இருக்கிற சி விசா, இலங்கைப் பாஸ்போர்ட். இத்தாலிக்குப் போய்வர எங்களுக்குத் தடையில்லை. மகள் பள்ளிக்கூடக் காலத்திலேயே தனியாக விண்ணப்பித்துச் சுவிஸ் பாஸ்போர்ட் எடுத்துவிட்டாள். ஒரே மேசையில் ஒரே சட்டியிலிருந்து சாப்பிடுகிற நான்கு பேருக்கு மூன்று விதமான உரிமை. மகள் பிறந்தது முதல் இதைக் கேட்டு வளர்ந்தவள்தான். ஆனால் கேட்பது வேறு, பயப்படுவது வேறு.

தம்பி போனபிறகு கணவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பிள்ளை, மாமாவை இதுக்குள்ளை இழுக்காதை."

"ஏன் அப்பா? நான் தேடிப் பாத்தனான். இஞ்சையிருந்து போகேக்கை பெரும்பாலும் ஒருத்தரும் பாக்கிறேல்லை."

"போகேக்கை விடுவாங்கள். வரேக்கை? மிலானோவிலயிருந்து வாற ரயிலை எல்லையில, கியாசோவில மறிச்சு ஆள் ஆளாப் பாப்பாங்கள். இவன்ரை முகத்தையும் என்ரை முகத்தையும் விட்டிட்டே மற்றவையைப் பாக்கப்போறாங்கள்?"

அவர் பொதிகள் பிரிக்கும் ஒரு பெரிய களஞ்சியத்தில் வேலை செய்கிறவர். எந்தப் பொதி எங்கே தடைப்படும் என்று யோசித்தே பழகிய மனிதர். இலையுதிர்காலத்தில் எங்கள் இருவருக்கும் பிரஜாவுரிமை நேர்காணல் இருந்தது. பல வருடம் தள்ளிப்போட்டு, மொழிப் பரீட்சை எழுதி, கடைசியாக அந்த இடத்துக்கு வந்திருந்தோம்.

"அவனைப் பிடிச்சால் அவன்ரை விசாவுக்கும் ஆபத்து. கூட்டிக்கொண்டு போனது நாங்கள் எண்டு எங்கடை பேரிலயும் எழுதுவாங்கள். ஒருநாள் கடல் பாக்கிறதுக்காக எல்லாத்தையும் துலைக்கிறதோ?"

மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்களுக்கு எப்பவும் பயம் தான் அப்பா," என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். கணவர் என்னைப் பார்த்தார். நான் சட்டியைக் கழுவப் போனேன். அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. அதுதான் எனக்குக் கோபம்.

ஏனென்றால் இதற்கு முந்திய குளிர்காலத்தில் எங்கள் அம்மா பாரிசில், பெரியண்ணை வீட்டில் இறந்துபோனா. செய்தி வந்த அன்றே நான் ரயில் ஏறினேன். தம்பியும் அனுமதி கேட்டான். கேட்டு, ஆவணங்கள் கொடுத்து, அது கைக்கு வரும் முன்னமே பாரிசில் எல்லாம் முடிந்துவிட்டது. பெரியண்ணையின் மகன் தொலைபேசியைச் சவப்பெட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றான். அந்தச் சின்னத் திரையில் தம்பி வேலைத்தளத்து வெள்ளைச் சட்டையோடு, குசினிக்குப் பின்னால் எங்கோ ஒரு சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அழவில்லை. "கொஞ்சம் கிட்டப் பிடியடா, முகம் தெரியேல்லை," என்று மட்டும் சொன்னான்.

அடுத்த கிழமை, நான் வேலை செய்கிற அல்டர்ஸ்ஹைமில், அந்த முதியோர் இல்லத்தில், பகல் வேலையை ஒருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, தம்பியைக் கூட்டிக்கொண்டு குடிவரவு அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் நல்ல மனிசி. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். நோயாளி யாராவது இருக்கிறார்களா, சாவு ஏதாவதா, என்று கேட்டாள். இல்லை, ஒருநாள் நடக்கப் போகிறோம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. கேட்டுப் பார்க்கலாம், ஆனால் இப்போது கொடுத்தால் கோடை முடிவதற்குள் பதில் வரும் என்று சொல்ல முடியாது, பதில் என்னவாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது என்றாள்.

வெளியே வந்ததும் தம்பி சொன்னான்: "விடு அக்கா. நீங்கள் போட்டு வாங்கோ."

சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அவன் எதையும் அவ்வளவு லேசாக விடுகிறவன் அல்ல.

அதற்குப்பிறகு மூன்று பேருக்கான திட்டமாக அது மாறியது. ஒரே நாளில் போய்த் திரும்ப முடியாத தூரம். அதனால் வெள்ளிக்கிழமை காலையில் புறப்பட்டு லா ஸ்பெசியாவில் தங்குவது, சனிக்கிழமை முழுவதும் ஊர்கள், ஞாயிறு திரும்புவது. வெயில் ஏறுமுன் மொன்டெரோஸ்ஸோவில் தொடங்கி வெர்னாட்சாவரை நடப்பது, மிச்சத்தை ரயிலில் பார்ப்பது. மழை எச்சரிக்கை வந்தால் பாதையைப் பூட்டிவிடுவார்களாம். அதற்கும் மகள் மாற்று யோசித்து வைத்திருந்தாள். சண்டை பிடித்த பெண்ணா இவள் என்று நினைக்கும்படி அமைதியாக இருந்தாள். தகப்பனிடம் பணிவாகக் கதைத்தாள். மாமாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. கணவர் அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டார். நான் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு திரிந்தேன்.

புறப்படுகிற கிழமை திரிம்பாக் கோயிலில் தம்பியைக் கண்டேன். பூசை முடிந்து ஆட்கள் சப்பாத்துத் தேடிக்கொண்டு நின்ற நேரம். "வெள்ளிக்கிழமை உனக்கு வேலையோ?" என்று கேட்டேன். "ஓம் ஓம்," என்றான், குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டியபடி. புதிதாக, தடித்த அடிப்பாகம் உள்ள நடைச் சப்பாத்து. நான் ஏன் அங்கேயே கேட்கவில்லை என்று பிறகு பலதடவை யோசித்திருக்கிறேன். கேட்டிருந்தால் அவன் பொய் சொல்ல வேண்டி வந்திருக்கும். அவனை அந்த இடத்தில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஓல்டனில் ஏறினோம். மிலானோவரை மாறத் தேவையில்லாத ரயில். கணவர் ஜன்னலோரம், அவருக்கு எதிரே நான், என் பக்கத்தில் மகள். லுட்செர்ன் தாண்டியும் அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பெட்டிக் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன பிள்ளை, வயித்துக்குள்ள ஏதும் செய்யுதோ?"

"இல்லை அம்மா."

ரயில் கொத்தார்ட் சுரங்கத்துக்குள் புகுந்தது. காது அடைத்தது. ஜன்னலில் எங்கள் முகங்கள் மட்டும் தெரிந்தன. மறுபக்கம் வெளிச்சத்துக்கு வந்து, கண் கூசி நாங்கள் சிமிட்டிக்கொண்டிருக்கும்போது பெட்டிக் கதவு திறந்தது. முதுகில் பையோடு தம்பி நடந்து வந்தான். கணவருக்குப் பக்கத்தில் இருந்த வெறும் சீட்டுக்கு முன்னால் நின்றான்.

"இருக்கலாமோ அத்தான்?"

கணவர் அவனைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய தொலைபேசியில் நான்கு டிக்கெட் இருந்திருக்கிறது. நான் பார்த்தது மூன்றைத்தான்.

"இரு," என்றார் கணவர். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "எங்கை இறங்கப்போறாய்?"

"உங்களோடதான்."

"வரேக்கை என்ன செய்வாய்?"

"வரேக்கை பாப்பம்."

"பாக்கிறதுக்கு அதிலை என்ன கிடக்கு? ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கியாசோவில ரெண்டு பேர் ஏறி உன்ரை அட்டையைக் கேப்பாங்கள். நீ எடுத்துக் குடுப்பாய். இத்தாலிக்கு ஏன் போனனீ எண்டு கேப்பாங்கள். என்ன சொல்லுவாய்? அதை இப்ப எனக்குச் சொல்லு."

பக்கத்து இருக்கையில் ஒரு வயதான சோடி வரைபடம் ஒன்றை விரித்து வைத்திருந்தது. மொழி விளங்காவிட்டாலும், எங்கள் குரலில் இருந்தது அவர்களுக்கு விளங்கியிருக்க வேண்டும். வரைபடத்தை மடித்து வைத்துவிட்டார்கள்.

பெலின்ட்சோனாவில் ரயில் நின்றது. ஒருவரும் அசையவில்லை. கதவுகள் மூடிக்கொண்டன.

"மாமாவில பிழையில்லை," என்றாள் மகள். அழுதுகொண்டிருந்தாள். "நான் தான் எடுத்தனான். நான் தான் வாங்கோ எண்டனான்."

"நீ பேசாமல் இரு. நீ பிடிபடமாட்டாய்," என்றார் கணவர். அவள் முகம் அறை வாங்கியதுபோல ஆயிற்று.

அப்போதுதான் தம்பி அவர் பக்கம் திரும்பினான்.

"அத்தான், அம்மாவின்ரை செத்தவீட்டுக்கு நான் சட்டப்படிதானே நிண்டனான்? கேட்டன். பாத்துக்கொண்டு நிண்டன். என்ன கிடைச்சது எனக்கு? இந்த ஒருதரம் கேக்காமல் போறன்."

ரயில் இன்னொரு சுரங்கத்துக்குள் புகுந்தது. அடுத்த நிலையம் லுகானோ என்று இத்தாலிய மொழியில் ஒரு குரல் சொன்னது. அதற்குப் பிறகு கியாசோதான். அதன்பின் இறங்க இடமில்லை.

"அக்கா," என்றான் தம்பி. "நீ சொல்லு. நீ இறங்கு எண்டால் இறங்கிறன். அத்தானுக்காக இல்லை."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வா என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் என்னிடம் கேட்டான். நான் ஒரு கணம் அவனைக் கடற்கரையில் நிற்கிறவனாக நினைத்துப் பார்த்தேன். அடுத்த கணம் ஞாயிற்றுக்கிழமை ரயிலில், இரண்டு சீருடைகளுக்கு முன்னால், பையைத் துழாவுகிறவனாக நினைத்துப் பார்த்தேன். இந்த இரண்டாவது படம்தான் தெளிவாக இருந்தது.

"இறங்கடா," என்றேன்.

அவன் எழுந்து பையைத் தோளில் போட்டான். ஏரி தெரிந்தது. ரயில் வேகம் குறைந்தது. அவன் கதவுப் பக்கம் நடக்கத் தொடங்கியதும் கணவர் எழும்பித் தன் ஜாக்கெட்டை எடுத்தார்.

"நீங்கள் எங்கை?"

"இவனைத் தனிய விட்டால் அடுத்த ரயிலில ஏறிடுவான். நீர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போம்."

"அப்பா, நீங்கள் வாங்கோ, ப்ளீஸ்..."

அவர் ஒரு கையால் அவள் தலையைத் தடவினார். கோபம் போயிருந்தது என்று சொல்ல முடியாது. "சப்பாத்துக் கயிறை இறுக்கிக் கட்டு, அங்கை பாதை சறுக்குமாம்," என்றார். பிறகு இறங்கிவிட்டார். மேடையில் தம்பி திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தான்; கணவர் எட்டி நடந்து, அவனைப் பிடிக்கப் போனார். அவர்கள் சேர்ந்தார்களா என்று பார்ப்பதற்குள் ரயில் எடுத்துவிட்டது.

கியாசோவில் இரண்டு அதிகாரிகள் ஏறினார்கள். போகும் வழியில் பார்க்கமாட்டார்கள் என்று மகள் சொன்ன அதே ரயிலில். பக்கத்து இருக்கை வயதான சோடியைத் தாண்டி நேராக எங்களிடம் வந்தார்கள். என் அட்டையையும் பாஸ்போர்ட்டையும் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பினார்கள். எதிரே வெறுமையாகக் கிடந்த இரண்டு சீட்டுகளைப் பார்த்து, இங்கே யாரும் இருக்கிறார்களா என்று ஒருவர் கேட்டார். இல்லை என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, திரும்பச் சொன்னேன். மகள் தன்னுடைய சிவப்புப் பாஸ்போர்ட்டை நீட்டினாள். அவர் அதைத் திறக்கவே இல்லை, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அவர்கள் போனபிறகு அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தாள். "அம்மா, எனக்கு இப்பிடி எண்டு தெரியாது," என்றாள். நான் அவள் கையைப் பிடித்தேன். அது குளிர்ந்து கிடந்தது.

சனிக்கிழமை திட்டப்படி நடந்தோம். மழை இல்லை, பாதை திறந்திருந்தது. ஊரை விட்டதும் படிகள். படிகளுக்கு மேலே படிகள். ஒரு பக்கம் கல்லடுக்கிய மதில், மறுபக்கம் மதிலே இல்லாமல் நேராகக் கடல். எதிரே ஆட்கள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். நான் மதிலைப் பிடித்துப் பிடித்து ஏறினேன். மகள் முன்னால் போய், ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று எனக்குக் கை தந்தாள்.

மேலே ஓர் இடத்தில் மரங்கள் விலகி, கீழே வெர்னாட்சா முழுதாகத் தெரிந்தது. சின்னத் துறைமுகம், மணிக்கூண்டு, படத்தில் பார்த்த அதே வீடுகள். மகள் என்னைக் கேட்காமலே மாமாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தாள். அவன் உடனே எடுத்தான். அறையில் கட்டிலில் இருந்தான்.

"மாமா, இஞ்சை பாருங்கோ..."

"வேண்டாம் பிள்ளை. போனில காட்டாதை." கடுமையாகச் சொல்லவில்லை. "உன்ரை கண்ணால பார். சுகமா வந்து சேருங்கோ."

திரை இருண்டது. அவள் தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு அந்தக் கல்லில் உட்கார்ந்து, வழிப்போக்கர்கள் பார்க்கப் பார்க்க அழுதாள். நான் பக்கத்தில் இருந்தேன். பிறகு தண்ணீர் குடித்தோம். இறங்கத் தொடங்கினோம். நடந்துதானே ஆக வேண்டும். கடல் அழகாகத்தான் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். வெர்னாட்சாவில் அவள் காலை நனைத்தாள், நானும் நனைத்தேன். மிச்ச ஊர்களை ரயிலில் போய்ப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் இறங்கி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஏறினோம்.

ஞாயிறு மாலை ஓல்டன் மேடையில் கணவர் காத்து நின்றார். பையை வாங்கிக்கொண்டார். மகள் அவரைக் கட்டிப்பிடித்து, ஜெர்மனிலும் தமிழிலுமாக மன்னிப்புக் கேட்டாள். அவர் "சரி, சரி" என்று முதுகில் தட்டினார்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன்: "லுகானோவில என்ன செய்தனீங்கள்? அவன் என்ன சொன்னவன்?"

"ஒண்டும் சொல்லேல்லை. ஏரிக்கரையில ஒரு பெஞ்சில இருந்தம். நான் சாப்பாடு வாங்கிக்கொண்டு வந்தன். சாப்பிடேல்லை. பிறகு அப்பிடியே என்ரை தோளில சரிஞ்சு நித்திரையாப் போனான். விடிய எழும்பினவன் தானே." கொஞ்சம் நடந்துவிட்டுச் சொன்னார்: "எழுப்ப மனம் வரேல்லை. ரெண்டு ரயிலை விட்டிட்டன்."

தம்பி பல கிழமை எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நான் அழைத்தால் எடுப்பான், கதைப்பான், வரமாட்டான். கடைசியில் கணவர் திரிம்பாக்குக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் கதவைத் திறந்தாள். இருவரும் வாசலில் நின்றார்கள்.

"இனி எனக்கு டிக்கெட் எடுக்காதை," என்றான்.

"ஓம் மாமா."

"எடுத்தால் கொப்பாவுக்குச் சொல்லிப்போட்டு எடு."

அவள் சிரித்தாள், அவன் சிரிக்கவில்லை, ஆனால் உள்ளே வந்தான்.

இலையுதிர்காலத்து நேர்காணலில் எங்கள் இருவருக்கும் சரிவந்தது. அந்த மாலையில் கணவர் கேக் வாங்கவில்லை, ஒருவருக்கும் அழைத்துச் சொல்லவும் இல்லை. தம்பிக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு இருந்தார். தம்பி எப்படியோ அறிந்து அவனாகவே அழைத்து, "வாழ்த்துக்கள் அத்தான்," என்றான். அதற்குப்பிறகுதான் அவர் சாப்பிட்டார்.

தம்பிக்கு இன்றும் அதே விசாதான். வேறு விசாவுக்கு மாறுவதற்கான ஆலோசனை கொடுக்கிற ஓர் இடத்துக்கு, வேலை இல்லாத நாட்களில் கணவர் அவனைக் கூட்டிக்கொண்டு போகிறார். போன தடவை இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்களாம். திரும்பி வந்து இருவரும் பல்கனியில் நின்றார்கள். நான் தேத்தண்ணீர் கொண்டுபோனேன். கீழே சரக்கு ரயில் ஒன்று நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. கணவர் தன் கோப்பையிலிருந்து பாதியை அவன் கோப்பையில் ஊற்றினார்.